பால்மரத்தில் ஒரு கித்தார்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் தொடர்வண்டித் தடத்தை ஒட்டி அமைந்த சிற்றூர் ரெங்கம். தோட்டங்கள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் பொழுது விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்கள் நம் தாத்தா பாட்டிமார்கள். 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் அம்மரத்தை வெட்டி விடுவார்கள். ஒரு காலத்தில் அது பெரும்பாலும் விறகாகவே எரிந்தது. முறையாகப் பதப்படுத்தி உலர்த்தினால் இரப்பர் மரப் பலகையிலிருந்து நல்ல தளவாடங்கள் செய்யலாம் என்பதைப் பின்னரே உணர்ந்தார்கள். இன்று ஜொகூரின் மூவார் வட்டாரம் தளவாடத் தொழிலுக்குப் பெயர் பெற்று விளங்குகிறது. விறகாக எரிந்த மரம் மேசையாகவும் நாற்காலியாகவும் மாறியது. அதே மரம் ஏன் ஒரு மின்கித்தாராக மாறக்கூடாது?

மின்கித்தார் வாசிக்க விரும்பும் மாணவர்கள் முதலில் கேட்பது, “கடையில் என்ன விலை?” என்பதே. அவர்களிடம் நான் கேட்க விரும்புவது வேறு. “நீங்களே ஒன்றைச் செய்து பார்த்தால் என்ன?” தம் முதல் மின்கித்தாரைத் தாமே வடிவமைத்துச் செய்யும் மாணவர், வேறெங்கும் எளிதில் கிடைக்காத கல்வியைப் பெறுகிறார் என்பது என் கருத்து.

இது மாணவர்களால் முடியக்கூடிய செயலா என்ற ஐயம் எழலாம். வீணையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஐயம் தெளியும். தஞ்சாவூர் வீணையின் குடம் பலா மரத்தைக் குடைந்து செய்யப்படுகிறது. ஒலிக்கு வளம் சேர்ப்பது அந்தக் குடமே. அதைக் குடைவதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். பெரும்பாலான மின்கித்தார்களில் இத்தகைய குடம் இல்லை. உடற்பகுதி கெட்டியான பலகையால் ஆனது. எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செப்புக் கம்பியும் இருக்கும். தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. கம்பிச் சுருளில் மின்னோட்டம் உண்டாகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. ஒலிபெருக்கி இந்தச் சிறு மின்னோட்டத்தைப் பெரிதாக்கி நம் காதுக்குக் கொண்டு வருகிறது. பாடநூலில் படித்த தூண்டலை, தாமே செய்த கருவியின் வழியாகக் கேட்கும் மாணவர் அதை மறப்பாரா?

அறிவியலைப் போலவே கணிதத்துக்கும் இங்கே வேலை உண்டு. கித்தார் செய்யும் பணி மரத்தில் தொடங்குவதில்லை, தாளில் தொடங்குகிறது. தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர் என வைத்துக்கொள்வோம். மெட்டுகளை எங்கெங்கே பதிப்பது? 648ஐ 17.817ஆல் வகுத்தால் 36.37 வரும். தந்தி தொடங்கும் இடத்திலிருந்து அத்தனை மில்லிமீட்டர் தொலைவில் முதல் மெட்டு அமையும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் 34.33 வரும், இரண்டாம் மெட்டுக்கான இடைவெளி அது. இப்படியே வகுத்துக்கொண்டு சென்றால், 12ஆம் மெட்டு 324 மில்லிமீட்டரில், சரிபாதியில் வந்து நிற்கும். அங்கே அழுத்தி மீட்டினால் அதே சுரம் ஒரு தாயி உயர்ந்து ஒலிக்கும். தேர்வுத்தாளில் தவறு செய்தால் ஆசிரியர் திருத்தித் தரும்வரை காத்திருக்க வேண்டும். இங்கோ, ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் காதே காட்டிக் கொடுத்துவிடும்.

பள்ளிப் பருவத்திலேயே இதைச் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரையன் மே, பின்னாளில் ‘குயின்’ இசைக்குழுவின் கித்தார் கலைஞராகப் புகழ் பெற்றவர். அவர் விரும்பிய கித்தாரைக் கடையில் வாங்க வீட்டில் வசதியில்லை. ஆகவே, 1963இல் தந்தையும் மகனும் சேர்ந்து வீட்டிலேயே ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து கித்தாரின் கழுத்து உருவானது. பழைய மேசையின் பலகை உடற்பகுதியில் இடம் பெற்றது. மோட்டார் சைக்கிளின் சுருள்வில்லும், அம்மாவின் பின்னல் ஊசியும், பொத்தான்களும்கூடப் பயன்பட்டன. காந்தச் சுருள்களையும் முதலில் அவரே செய்தார். அவற்றின் ஒலி நிறைவளிக்காததால் பிறகு வேறு சுருள்களை வாங்கிப் பொருத்தினார். முடிக்க ஏறத்தாழ ஈராண்டு ஆயின. அதே கித்தாரைத்தான் 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமீது நின்று அவர் வாசித்தார். கைவேலை அவருடைய படிப்பைக் கெடுத்துவிடவில்லை. 2007இல் அவர் வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

தனக்கேற்ற கருவியைத் தேடும் வழக்கம் நம் இசையிலும் உண்டு. மேலைநாட்டு மாண்டலினில் எட்டுத் தந்திகள் நான்கு இணைகளாக இருக்கும். கருநாடக இசையின் கமகங்களை அதில் கொண்டு வருவது கடினம். மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ், ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினைத் தேர்ந்து, அதில் கருநாடக இசையை வாசித்து உலகையே வியக்க வைத்தார். கிடைத்த கருவிக்குள் இசையை அடக்காமல், இசைக்கேற்பக் கருவியை மாற்றிக்கொண்டதே அவர் காட்டிய வழி. வடிவமைப்பு என்பதன் பொருளும் அதுதான். உங்கள் கை சிறியதா? கழுத்தை ஒல்லியாக அமைக்கலாம். தோள் வலிக்கிறதா? எடையைக் குறைக்கலாம். கடைக் கித்தார் யாரோ ஒருவருக்காகச் செய்யப்பட்டது. உங்கள் கித்தார் உங்களுக்காகச் செய்யப்படுவது.

இக்கருத்தை மறுப்போரும் உண்டு. சாதாரணக் கித்தாரைக் கடையில் வாங்குவதே மலிவு என்பார்கள். அது உண்மையே. பலகை, தந்தி, சுருள், திருகாணி, வண்ணம் என்று கணக்கிட்டால் செலவு கூடக்கூடும். ஆனால், கடையில் கொடுக்கும் பணத்துக்குக் கித்தார் மட்டுமே கிடைக்கும். செய்து பார்ப்பவருக்கோ கித்தாரோடு திறனும் சேர்ந்து கிடைக்கிறது. எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போது இது தேவையா என்று பெற்றோர் கேட்பதும் நியாயமே. அதனால்தான் இதை நீண்ட பள்ளி விடுமுறையில் தொடங்குவது நல்லது.

ஆயினும், பெற்றோர் சிலரின் மனத்தில் வேறோர் அச்சமும் இருக்கிறது. படிப்பு வராதவர்களே கைவேலைக்குப் போவார்கள் என்ற எண்ணம் அது. தோட்டத்தில் உடல் நோக உழைத்த தலைமுறை, தம் பிள்ளைகளாவது கையில் கறை படாமல் வாழட்டும் என்று விரும்பியதில் தவறில்லை. ஆனால், அந்த விருப்பமே நாளடைவில் கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணும் மனப்போக்காக மாறிவிடக் கூடாது. அளக்கவும் அறுக்கவும் இணைக்கவும் தெரிந்த கை, கணக்கும் அறிவியலும் தெரிந்த மூளைக்குத் துணையே தவிரப் பகையன்று.

செய்ய முன்வருவோர் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். முதல் முயற்சியிலேயே அகலக் கால் வைக்கக்கூடாது. ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை 40 கிலோகிராம் எடைக்கும் மேலாக இருக்கும். அதைத் தாங்கவே கழுத்துக்குள் எஃகுத் தண்டு வைக்கிறார்கள். ஆகவே, முதன்முறை கழுத்தை வாங்கிக்கொண்டு, உடற்பகுதியை மட்டும் செய்வது அறிவுடைமை. புதிதாக வெட்டிய இரப்பர் மரத்தைப் பயன்படுத்த வேண்டா. அது விரைவில் பூஞ்சைக்கும் வண்டுக்கும் இரையாகும். உலர்ந்த பழைய மேசைப் பலகைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் போதிய தடிமன் கிடைக்கும். கண்ணாடியும் முகக்கவசமும் அணியாமல் மரத்தை அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. மின்கருவிகளைப் பெரியவர்களின் துணையின்றித் தொடக்கூடாது.

நம் குடியிருப்புகளில் தச்சு வேலையும் மின்வேலையும் அறிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பள்ளிக் கழகங்கள் அவர்களை அழைத்து, மாணவர்களோடு அமர வைத்தால் ஒரு கித்தார் உருவாகும். இரு தலைமுறைகளுக்கிடையே பேச்சும் உருவாகும். செய்து முடித்த கித்தாரில் கீறல் இருக்கலாம். ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தும் இருக்கலாம். அதனால் என்ன? பால்மரம் சீவிய கைகளின் பேரப்பிள்ளை, அதே மரத்தில் தான் செய்த கருவியை மீட்டும் நாளில், கேட்பவர் எவரும் அந்தக் கீறலைப் பார்க்க மாட்டார்கள்.