தாளில் குறையும் ஆபத்து

சேலஞ்சர் விண்கலத்தை வீழ்த்திய ஓ-ரிங், விபத்துக்கு முன்பே நாசாவின் ஆபத்துப் பட்டியலில் இருந்தது. 1986 ஜனவரி 28 அன்று, புறப்பட்ட 73 விநாடிகளில் ஏழு பேரைப் பலிகொண்ட அந்த விபத்தைக் குளிரில் விறைத்துப்போன ரப்பர் வளையத்தின் கதையாகவே பெரும்பாலும் சொல்லிவருகிறோம். பழுது வகைகளையும் அவற்றின் விளைவுகளையும் அலசும் எஃப்எம்இஏ அட்டவணையோடு அன்றாடம் மல்லுக்கட்டும் நமக்கு, அந்தப் பட்டியலின் கதைதான் இன்னும் நெருக்கமானது.

ஒரு பாகம் பழுதானால் கலமோ உயிரோ போகும் என்றால், நாசாவின் கணக்கில் அது வகை 1. மாற்றுக் காப்பு ஒன்று இருந்து, அதுவும் சேர்ந்து கைவிட்டால்தான் அந்த விளைவு என்றால் வகை 1ஆர். திட எரிபொருள் பூஸ்டரின் துண்டுகள் சேரும் இணைப்பில் இரண்டு ஓ-ரிங்குகள் இருந்தன. ஒன்று விட்டாலும் மற்றொன்று தாங்கும் என்று நம்பி 1ஆர் என எழுதினார்கள். ஆனால் இரண்டும் ஒரே இணைப்பில் உட்கார்ந்திருப்பவை. பற்றவைத்ததும் உள்ளழுத்தத்தில் உறை உப்புகிறது, இணைப்பின் இடைவெளி விரிகிறது. அந்த விரிவு இரண்டாவது வளையத்தையும் சும்மா விடாது. அதிகபட்ச அழுத்தத்தில் 40 சதவீதத்தை எட்டும்போதே இரண்டாவதை நம்ப முடியாது என்பது 1982-இல் நடந்த சோதனைகளில் தெரிந்தது. அந்த டிசம்பரில் ‘ஆர்’ நீக்கப்பட்டது. பகுப்பாய்வு தன் வேலையைச் சரியாகவே செய்தது.

அதன் பிறகு நடந்ததுதான் நெஞ்சை உறுத்துகிறது. மாற்றுக் காப்பு இருந்தாக வேண்டும் என்ற விதியிலிருந்து 1983 மார்ச்சில் விலக்கு கொடுத்தார்கள். இணைப்பு அப்படியே இருந்தது. 1985-இல்கூடச் சில ஆவணங்கள் அதை 1ஆர் என்றே குறித்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் ஏவப்பட்ட ஒரு பூஸ்டரின் நாசில் இணைப்பைப் பிரித்தபோது, முதல் வளையம் எரிந்து வழிவிட்டிருந்தது, இரண்டாவதும் அரிக்கப்பட்டிருந்தது. ஏவுதலுக்குத் தடை போட்டார்கள். பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் அந்தத் தடையையே தள்ளுபடி செய்தார்கள்.

ஸ்டீயரிங் நக்கிளுக்கும் பிரேக் காலிப்பருக்கும் நாம் போடும் அட்டவணையிலும் இந்த வழுக்கல் இருக்கிறது. தீவிரம், நிகழ்வு, கண்டறிதல் மதிப்பெண்களைப் பெருக்கி வரும் ஆர்பிஎன் 100-ஐத் தாண்டினால் நடவடிக்கை என்று கோடு கிழித்துவிட்டால், எண்ணைக் கோட்டுக்குக் கீழே கொண்டுவருவதே குழுவின் வேலையாகிவிடுகிறது. தீவிரம் 8, நிகழ்வு 3, கண்டறிதல் 6 என்றால் 144. வடிவமைப்பை மாற்றாமல் தீவிரத்தைத் தொட முடியாது. எனவே ‘நூறு சதவீதக் கண்பார்வைச் சோதனை’ என்று எழுதி 6-ஐ 4 ஆக்குகிறோம். 96 வந்துவிடுகிறது. லைனில் அதே ஆள், அதே வெளிச்சம், ஷிப்ட் முடியும் நேரத்து அதே களைப்பு. இன்னொன்றும் உண்டு: லைன் சோதனையாளரும் இறுதிச் சோதனையாளரும் ஒரே கேஜை வைத்து அளந்தால், அதை இரண்டு சோதனை என்று எழுதுவது தவறு. கேஜ் தேய்ந்தால் இருவரும் சேர்ந்தே ஏமாறுவார்கள். எஃப்எம்இஏ ஒரு நேரத்தில் ஒரு பழுதைப் பார்க்கும் முறை. இப்படிப்பட்ட பொதுக் காரணத்தை நாம்தான் தேடிப்போய்க் கேட்க வேண்டும்.

2019-இல் வாகனத் துறையின் ஏஐஏஜி–விடிஏ எஃப்எம்இஏ கையேடு பெருக்கற்பலனைக் கைவிட்டு நடவடிக்கை முன்னுரிமைக்கு மாறியதை மனதார வரவேற்கிறோம். தீவிரம் 10, நிகழ்வு 4, கண்டறிதல் 2 என்றால் பழைய கணக்கில் 80. மூன்றும் 5 என்றால் 125. உயிருக்கு உலைவைக்கும் பழுது, சாதாரணத் தொல்லைக்குப் பின்னால் போய் நின்றது. புதிய அட்டவணையில் முந்தையது ‘உயர்’, பிந்தையது ‘தாழ்வு’. ஆனால் அதே நிகழ்வு 4-ஐ 3 என்று எழுதிப் பாருங்கள்: ‘உயர்’ ஒரே தாவலில் ‘தாழ்வு’ ஆகிவிடும். கையேடு மாறியும், பேனா பிடித்த கைக்கு அந்த வசதி இன்னும் இருக்கிறது.

ஆகவே, கையெழுத்திடும் இடத்தில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறோம். தீவிரம் 9 அல்லது 10 உள்ள வரியில் மற்ற எண்கள் குறைக்கப்பட்டிருந்தால், எந்தச் சோதனை, எந்தத் தேதி, எத்தனை மாதிரி என்று பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். காப்பு இரண்டு என்றிருந்தால், இரண்டையும் ஒருசேரக் கெடுக்கக்கூடியது எது என்று கேளுங்கள். வாடிக்கையாளரிடமிருந்து உடைந்து திரும்பும் ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய வரியைத் திறந்து பாருங்கள். வரியே இல்லையென்றால் அன்றே சேருங்கள். விலக்கு கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், அது காலாவதியாகும் தேதியையும், அதற்குள் திருத்த வேண்டிய டிராயிங் எண்ணையும் எழுதிய பிறகு கையெழுத்திடுங்கள்.