சனிக்கிழமைக் கூலியும் உங்க ஹோம் லோன் வட்டியும்



மனை வாங்கி, ஹோம் லோன் போட்டு வீடு கட்ட ஆரம்பிச்சவங்க ஏதோ ஒரு கட்டத்துல சொல்ற வசனம் இது: "பணம் இருக்கு, மெட்டீரியல் இருக்கு, ஆள்தான் இல்ல." அதுக்கு அடுத்த வசனமும் ரெடியா இருக்கும்: "இப்பல்லாம் யாருக்கும் வேலை செய்ய மனசு இல்ல."

முதல் வசனம் சரி. இரண்டாவதை நான் ஒத்துக்க மாட்டேன். நல்ல கொத்தனார் பாதி வேலையில வேற சைட்டுக்குப் போறதுக்குப் பெரும்பாலும் நாம பணம் கொடுக்கிற விதம்தான் காரணம். எவ்வளவு கூலின்னு பேசுறோமே தவிர, எந்த நாள்ல கொடுப்போம், இடைவெளி இல்லாம எத்தனை நாள் வேலை கொடுப்போம்னு பேசுறதே இல்லை. அதுக்கான விலையை நீங்கதான் லோன் வட்டியா கட்டுறீங்க.

நாம வேலை மாறினா கரியர், அவர் மாறினா ஓட்டமா?

உங்களுக்கு 30% ஹைக் கிடைச்சா கம்பெனி மாறுவீங்க. மாறும்போது பி.எஃப், இன்ஷூரன்ஸ், லீவு எல்லாம் கேட்பீங்க. 1-ம் தேதி வர வேண்டிய சம்பளம் 5-ம் தேதி வரைக்கும் வரலைன்னா அன்னைக்கே ரெஸ்யூமை அப்டேட் பண்ணிடுவீங்க. தப்பில்லை.

இப்போ கொத்தனார் பக்கம் பாருங்க. மழை பெய்தா கூலி இல்லை. மணல் லாரி வரலைன்னா கூலி இல்லை. டைல்ஸ் டிசைனை நீங்க இன்னும் முடிவு பண்ணலைன்னா, அதுக்கும் அவருக்குத்தான் கூலி இல்லை. அவருக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு தொடர்ச்சியான வேலையும் சனிக்கிழமை கையில வர்ற பணமும்தான். இன்னொரு மேஸ்திரி "ஆறு மாச வேலை இருக்கு, வாரா வாரம் கணக்கு முடிச்சிடுவேன்"னு கூப்பிட்டா அவர் போவார். அவர் இடத்துல இருந்தா நீங்களும் போவீங்க.

2025 பிப்ரவரியில சென்னையில நடந்த ஒரு கூட்டத்துல, எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் தொழிலாளர்கள் ஊரைவிட்டு வேலைக்கு வரத் தயங்குறாங்க, அரசு நலத்திட்டங்களும் அதுக்கு ஒரு காரணம்னு பேசினார். ஆள் பற்றாக்குறை அவ்வளவு பெரிய கம்பெனிக்கே தலைவலியா இருக்குங்கிறது உண்மை. காரணத்துல மட்டும் நான் மாறுபடுறேன். ரிசர்வ் வங்கி தொகுப்பில் 2022-23-க்கான கிராமப்புறக் கட்டுமானத் தினக்கூலியைப் பாருங்க. நாட்டுச் சராசரி 393 ரூபாய். மத்தியப் பிரதேசத்துல 280-க்கும் கீழே. தமிழ்நாட்டுல 500-ஐ ஒட்டி. கேரளாவுல 850-க்கு மேல. பீகார்லயும் ஒடிசாவுலயும் இருந்து ரயில் ஏறி இங்கயும் கேரளாவுக்கும் வர்றவங்களுக்கு வேலை செய்ய மனசு இல்லைன்னு சொல்ல முடியுமா? அவங்க கணக்குப் போட்டு இடம் மாறுறாங்க. நலத்திட்டம் கொடுத்தது ஒண்ணுதான்: மோசமான ஆஃபரை வேண்டாம்னு சொல்ற தைரியம்.

சிங்கப்பூர்ல என்ன பண்றாங்க?

நம்ம ஊர்ல இருந்து நிறைய பேர் கட்டட வேலைக்கு சிங்கப்பூர் போறாங்க இல்லையா, அங்க கம்பெனிகள் ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அரசுக்கு மாதா மாதம் லெவி கட்டணும். 2024 ஜனவரியில இருந்து, நம்ம ஊர் ஆட்கள் விஷயத்துல, அடிப்படைத் திறன் மட்டும் உள்ளவருக்கு 900 டாலர், உயர் திறன் சான்று உள்ளவருக்கு 500 டாலர். அதாவது ஒரு ஆளோட திறனை வளர்த்துத் தக்கவெச்சா கம்பெனிக்கு மாசம் 400 டாலர் மிச்சம். அதனால சொல்லிக் கொடுக்கிறது அங்க முதலாளிக்கே லாபம்.

இங்க அந்தக் கணக்கே கிடையாது. சித்தாளா வேலைக்கு வர்ற பெண்கள்ல பெரும்பாலானவங்க எத்தனை வருஷம் கலவை சுமந்தாலும் சித்தாளாவே இருக்காங்க. அவங்க கையில கரண்டியையும் மட்டப்பலகையையும் யாரும் கொடுக்கிறதில்லை. கண் முன்னாடி இருக்கிறவங்களை கொத்தனார் ஆக விடாம, கொத்தனார் கிடைக்கலைன்னு புலம்புறோம்.

சரி, உங்க கணக்குக்கு வருவோம்

40 லட்சம் லோன், 8.5% வட்டி. இதுவரைக்கும் பேங்க் 25 லட்சம் ரிலீஸ் பண்ணியிருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒரு மாச ப்ரீ-ஈ.எம்.ஐ வட்டி சுமார் 17,700 ரூபாய். இது அசல்ல ஒரு ரூபாயைக் கூடக் குறைக்காது. நீங்க இருக்கிற வாடகை வீட்டுக்கு 15,000. ஆக, வேலை ஒரு மாசம் தள்ளிப்போனா 32,700 ரூபாய் போச்சு.

இப்போ கொத்தனார் நாளுக்கு 100 ரூபாய் கூடக் கேட்கிறார். ரெண்டு கொத்தனார், 120 நாள் வேலை. மொத்தம் 24,000. இதைப் பேரம் பேசி மிச்சப்படுத்திட்டோம்னு சந்தோஷப்படுறீங்க. அவங்க கோவிச்சுக்கிட்டுப் போய், புது ஆள் தேடுறதுல சுமார் 22 நாள் போனாலே அந்த மிச்சம் மொத்தமும் காலி. பாதியில வந்த புது ஆள் பண்ற பூச்சு வேலையில மட்டம் தப்பினா, அதைச் சரி பண்ற செலவு தனி.

வரியிலயும் இதுக்கு ஆறுதல் கிடையாது. புதிய வரி முறையில, நாம குடியிருக்கிற வீட்டோட லோன் வட்டிக்குக் கழிவே இல்லை. பழைய முறையில, கட்டி முடிக்கிறதுக்கு முந்தைய வட்டியை வீடு முடிஞ்ச வருஷத்துல இருந்து அஞ்சு தவணையா, அதுவும் 2 லட்சம் உச்சவரம்புக்குள்ளதான் கழிக்கலாம்.

பிரச்சனை எங்க ஆரம்பிக்குது?

பேங்க் பணம் கொடுக்கிறது கட்டம் கட்டமா. அஸ்திவாரம், லிண்டல், ரூஃப்னு ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் ஆள் வந்து பார்த்துட்டுப் போய் ரிலீஸ் பண்ணுவாங்க. கூலியோ வாரா வாரம் கொடுக்கணும். இந்த இடைவெளியிலதான் "அடுத்த வாரம் சேர்த்து வாங்கிக்கோங்க அண்ணே"னு சொல்றோம். ரெண்டு வாரம் இப்படிச் சொன்னா மூணாவது வாரம் அண்ணன் வரமாட்டார்.

அதனால என் யோசனைகள்:

1. கூலிக்குத் தனி அக்கவுன்ட். ஆறு வாரக் கூலியை வேலை தொடங்கும் முன்னாடியே ஒதுக்கிடுங்க. ரெண்டு கொத்தனாருக்கு 1,100 வீதம், மூணு ஆளுக்கு 750 வீதம்னா நாளுக்கு 4,450. ஆறு நாள் வாரத்துக்கு 26,700. ஆறு வாரத்துக்கு சுமார் 1.6 லட்சம். உங்க ஊர் ரேட்டைப் போட்டுக்கோங்க. எமர்ஜென்சி ஃபண்டை இதுக்குத் தொடாதீங்க.

2. மெட்டீரியல் முதல்ல, ஆள் அடுத்து. அடுத்த பத்து நாளுக்கான செங்கல், சிமென்ட், கம்பி சைட்டுல இருக்கணும். உங்க தாமதத்தால வேலை நின்னா அரைக்கூலியாவது கொடுங்க.

3. காலண்டரைப் பார்த்து பிளான் பண்ணுங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை. அதுக்குள்ள ரூஃப் போட்டுட்டா, மழைக்காலத்துல உள்பூச்சு ஓடும், ஆளுக்கும் வேலை இருக்கும். வடமாநில ஆட்கள் இருந்தா சட் பூஜைக்கும் ஹோலிக்கும் ஊருக்குப் போவாங்க. முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க.

4. மொத்த கான்ட்ராக்டா? சதுர அடி ரேட் குறைவா சொல்றவர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: "உங்க டீம் உங்ககூட எத்தனை வருஷமா இருக்கு? கூலி எந்தக் கிழமை கொடுப்பீங்க?" பதில் தடுமாறினா அந்தக் குறைஞ்ச ரேட் எங்கிருந்து வருதுன்னு புரிஞ்சிடும்.

5. நல வாரியப் பதிவு. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994-லயே வந்தது. சின்ன வீடுகளுக்கு விலக்கு உண்டு, மத்தபடி கட்டுமான மதிப்புல 1% அதுக்குப் போகுது. ஆனா விபத்து உதவி, பிள்ளைங்க கல்வி உதவி, 60 வயசுக்கு மேல பென்ஷன் எல்லாம் பதிவு செஞ்சவங்களுக்குத்தான். உங்க சைட்டுல யாருக்காவது பதிவு இல்லைன்னா ஆன்லைன்ல விண்ணப்பிக்க உதவுங்க. உங்களுக்கு அரை மணி நேர வேலை, அந்தக் குடும்பத்துக்குப் பெரிய பாதுகாப்பு.

"அட்வான்ஸ் வாங்கிட்டுக் காணாமப் போனா?"ன்னு கேட்பீங்க. நியாயமான பயம். அதனாலதான் மொத்தமா அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்னு சொல்றேன். முடிஞ்ச வேலையை அளந்து, நோட்டுல எழுதி, வாரா வாரம் கணக்கை முடிங்க. அவர்கிட்ட உங்க பணமும் நிற்காது, உங்ககிட்ட அவர் கூலியும் நிற்காது. ரெண்டு பேருக்கும் பயம் இல்லை.

வட்டியில கால் சதவீதம் குறைக்க நாலு பேங்க் ஏறி இறங்குறோம். நல்லதுதான். அதே அக்கறையில பாதியை சனிக்கிழமைக் கூலியில காட்டுங்க. வீடு கட்ட ஆரம்பிச்சிருக்கிற நண்பர்களுக்கு இதை அனுப்புங்க. அடுத்த வீடியோவில கான்ட்ராக்ட் அக்ரிமென்ட்ல என்னென்ன இருக்கணும்னு பார்ப்போம்.