தீர்ப்பு வந்தாச்சு, படகுதான் போக முடியவில்லை!

தண்ணீர் ஏறும்போது ஒரு பாறையின் தலை மட்டும் வெளியே தெரிகிறது. அங்கே ஆள் குடியிருக்க முடியாது, குடிக்கத் தண்ணீரும் கிடையாது. இதற்காகவா இரண்டு நாடுகள் மோதுகின்றன? சண்டை பெரும்பாலும் பாறைக்காக இல்லை, சுற்றியிருக்கும் கடலுக்காக.

1982-ல் உருவாகி 1994-ல் அமலுக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைதான் இதற்கு ரூல்புக். கடல் மீதான உரிமை நிலத்திலிருந்துதான் பிறக்கிறது என்பதுதான் அதன் அடிப்படை. கரையிலிருந்து 12 கடல் மைல் (சுமார் 22 கி.மீ.) வரை அந்த நாட்டின் சொந்தக் கடல். 200 கடல் மைல் வரை மீனும் எண்ணெயும் எரிவாயுவும் அந்த நாட்டுக்கே, ஆனால் மற்றவர்களின் கப்பல்கள் தாராளமாகப் போய்வரலாம். மனிதர் வாழத்தக்க தீவுக்கும் இதே 200 உண்டு. வாழ முடியாத பாறைக்கு வெறும் 12தான். நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் திட்டுக்குத் தனியாக எதுவுமே கிடையாது. அதன்மேல் மண்ணைக் கொட்டி ரன்வே போட்டாலும் அந்தஸ்து உயராது.

2013-ல் பிலிப்பைன்ஸ் சீனாவுக்கு எதிராக எடுத்துப் போனது இந்தக் கணக்கைத்தான். தென் சீனக் கடலின் பெரும்பகுதியை ஒன்பது கோடுகளால் வளைத்து, காலங்காலமாக எங்களுக்கு உரிமை உண்டு என்கிறது சீனா. 2016 ஜூலை 12-ல் தி ஹேக்கில் ஐந்து நடுவர்களும் ஒருமித்து, அந்தக் கோட்டுக்குள் இருக்கும் வளங்களுக்கு வரலாற்று உரிமை கோர சட்டத்தில் இடமில்லை என்றார்கள். ஸ்பிராட்லி கூட்டத்திலேயே பெரியதான, தைவான் வசமிருக்கும் இட்டு அபாகூட சட்டப்படி பாறைதானாம். ஆட்கள் இருக்கிறார்களே என்றால், வெளியிலிருந்து சப்ளை வந்து இருப்பது கணக்கில் வராது.

பாறை யாருக்குச் சொந்தம் என்று மட்டும் தீர்ப்பாயம் சொல்லவே இல்லை. அதை முடிவுசெய்வது கடல் சட்டத்தின் வேலையும் இல்லை. 'பிலிப்பைன்ஸுக்கே தூக்கிக் கொடுத்துட்டாங்க' என்று ஷேர் செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான். ஸ்கார்பரோ திட்டில் இரு நாட்டு மீனவர்களும் பாரம்பரியமாக மீன் பிடித்து வந்திருக்கிறார்கள், பிலிப்பைன்ஸ் மீனவர்களைச் சீனா தடுத்தது சட்டவிரோதம் என்பதுதான் தீர்ப்பு.

சீனாவோ 'செல்லாது' என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் அங்கே போகும் பிலிப்பைன்ஸ் படகுகள் மீது சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்திருக்கின்றன. தடுக்கப் போலீஸ் கிடையாதே!

போலீஸ் இல்லாததுதான் பிரச்சினை என்று விட்டுவிட முடியுமா? வங்காள விரிகுடாவிலும் போலீஸ் இல்லை. இந்தியா - வங்கதேச எல்லை வழக்கில் 2014 ஜூலை 7-ல் தீர்ப்பு வந்தது. சர்ச்சைக்குரிய 25,602 சதுர கி.மீ.யில் 19,467 வங்கதேசத்துக்குப் போனது. பெரிய நாடு இந்தியாதான், கடற்படையும் நம்முடையதுதான் பெரிது. ஆனாலும் ஏற்றுக்கொண்டோம். உள்ளூரில் அதை விட்டுக்கொடுத்தல் என்று பேசியவர்கள் உண்டு. நம் பார்வையில், அண்மைக் கால வெளியுறவில் இந்தியா செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அது ஒன்று.

2023 ஜூனில் பிலிப்பைன்ஸுடன் வெளியிட்ட கூட்டறிக்கையில், 2016 தீர்ப்பை மதிக்க வேண்டும் என்று இந்தியா சொல்ல முடிந்ததற்குப் பின்னால் இந்த 19,467 சதுர கி.மீ. இருக்கிறது. இதையே பெய்ஜிங்குக்கு அடிக்கடி நினைவூட்டும் அமெரிக்காவோ, அந்த உடன்படிக்கையில் இன்னும் சேரவே இல்லை.