குருசடையில் கொஞ்சம் அமைதி

பேரப்பிள்ளைகளோடு பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போய்வந்தேன். மன்னார் வளைகுடாத் தீவுகளில் ஒன்று அது. அந்தத் தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. வழிகாட்டித் தம்பி பவளத்தை உயிரென்று சொன்னதும் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். அந்தப் பவளத்தைத்தான் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தோம். அதனால் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. ஒவ்வொரு பயணத்திலும் வழிகாட்டிகள் இதைச் சொல்ல வேண்டும்.

படகில் ஒருவர் செல்போனில் பாட்டை அலறவிட்டார். எனக்கு நெஞ்சு பதறியது. எங்கள் கீழச்சிவல்பட்டிப் பக்கம், வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தீவுக்குள் சத்தத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடமே தரக்கூடாது. கூட்டத்துக்குக் கண்டிப்பான வரம்பு வேண்டும். வழிகாட்டும் வேலையைக் கடல்பாசி எடுக்கும் பாம்பன் பெண்களுக்கும் கொடுங்கள். அந்தக் கடலை மூழ்கிப் பார்த்தவர்கள் அவர்கள்.