ஏட்டுச் சுரைக்காய்

மேச்சேரியில் எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். “அங்கே என்னதான் கண்ணு படிக்கறே?” என்றார் அம்மா.

“ஒரு கரண்டி மோர் ஊற்றினால் பானைப் பால் விடிவதற்குள் தயிராகிறதல்லவா? அதுபோல மனித மரபணுவை ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் செலுத்தினால், அது பெருகி மனிதப் புரதத்தையே செய்து தரும்” என்றேன்.

ஆர்.என்.ஏ.வைப் பற்றும் டி.டி.பி.-43 அத்தகைய புரதம். ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோயில் அது கட்டியாகத் திரள்வதை 2006-இல் கண்டறிந்தனர். ஏன் திரள்கிறது என்று ஆராய, பாக்டீரியா செய்த புரதம் கைகொடுக்கிறது. அதன் முனையில் ஆறு ஹிஸ்டிடின்களைக் கோத்தால் நிக்கல் மணிகள் அதைப் பற்றிக்கொள்ளும்; மற்றவை பெரும்பாலும் கழுவிப் போய்விடும்.

“நீ செஞ்சு பாத்தியா?” என்றார் அம்மா. நான் தலைகுனிந்தேன். படம் வரைந்து மதிப்பெண் வாங்கியதோடு சரி!

நம்மால் முடியாததா? ஈஸ்டைக் கொண்டு ஹெப்படைடிஸ்-பி தடுப்பூசியை 1997-இலேயே தந்தது ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ். அரசுக் கல்லூரிதோறும் ஆண்டுக்கு ஒரு புரதமேனும் மாணவர் கையால் உருவாக வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது நண்பர்களே!