பாட்டியின் குரலைப் பதிவு செய்வோம்



குறும்படப் போட்டி என்று பள்ளிக்கு அறிவிப்பு வந்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? ஒரு நீதிக்கதையை எடுத்து, வசனம் எழுதி, மாணவர்களை மனனம் செய்யவைத்து, திரைப்பட இசையையும் சேர்த்து அனுப்பிவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அதையே செய்தேன். நம் மாணவர்கள் முதலில் எடுக்க வேண்டியவை ஆவணப்படங்களே என்பது இன்று என் உறுதியான கருத்து.

இவ்வெண்ணத்தை எனக்குள் விதைத்தவை நம் வட்டாரத் திரைப்பட விழாக்களில் இடம்பெறும் சிறு ஆவணப்படங்கள். மலேசியாவில் கோமாஸ் அமைப்பு 2003-ஆம் ஆண்டு ‘ஃபிரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட்’ என்னும் மனித உரிமைப் பட விழாவைத் தொடங்கியது. முடிந்த படங்களைத் திரையிடுவதோடு நில்லாமல், நல்ல கருவோடு வருவோர்க்கு நிதியும் பயிற்சியும் வழங்கிப் படமெடுக்க வைத்ததே அவ்விழாவின் சிறப்பு.

2007-ஆம் ஆண்டு அவ்விழாவில் இடம்பெற்றது ஃபாமி ரேசாவின் ‘10 தாஹுன் செபெலும் மெர்டேக்கா’. அரை மணி நேரத்திற்குச் சற்றே நீளும் படம். பிரிட்டிஷாரின் அரசியலமைப்புத் திட்டத்தை எதிர்த்து 1947 அக்டோபர் 20-இல் மலாயா முழுவதும் நடந்த ஹர்த்தாலை, அக்காலத்தில் போராடிய முதியவர்களின் வாய்மொழியாகவே அது சொல்கிறது. அந்த எதிர்ப்புக் கூட்டணியில் மலாயா இந்தியர் காங்கிரசும் இருந்தது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

சிங்கப்பூரின் டான் பின் பின் 2001-இல் எடுத்த ‘மூவிங் ஹவுஸ்’ வெறும் 22 நிமிடப் படம். நிலத் தேவைக்காக இடுகாடு அகற்றப்படும்போது, ஒரு சீனக் குடும்பம் தன் பெற்றோரின் எலும்புகளைத் தோண்டியெடுத்து வேறிடம் கொண்டு செல்கிறது. அவ்வளவுதான் கதை. தோட்டத்தை விட்டு வெளியேறிய நமக்கு அந்த வலி புதிதன்று.

பதிவு இல்லாவிடில் என்ன ஆகும் என்பதற்குச் சயாம் மரண இரயிலே சான்று. 1942-43-இல் சப்பானியர் அமைத்த அந்த 415 கிலோமீட்டர்ப் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். மேலை நாட்டுப் போர்க்கைதிகள் நாட்குறிப்பும் நூல்களும் எழுதி வைத்தனர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் அவர்களுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. அங்கு மாண்ட நம்மவர்களில் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த ஒரு கல்லும் இல்லை.

இதில் எனக்கும் ஒரு குற்றவுணர்ச்சி உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி, அந்த இரயிலுக்குப் போய்த் திரும்பாத தம் தந்தையைப் பற்றித் தன் பூட்டி அடிக்கடி சொல்வார் என்றாள். “பள்ளி விடுமுறையில் வீட்டிற்கு வருகிறேன்” என்றேன். விளையாட்டுப் போட்டி, பயிற்சிப் பட்டறை என்று நாள்கள் ஓடின. “பூட்டி இறந்துட்டாங்க டீச்சர்” என்று அவள் சொன்ன நாளில், என் கைப்பையிலேயே கைப்பேசி இருந்தது. அதில் ஒளிப்பதிவு வசதியும் இருந்தது.

செய்ய வேண்டியது எளிது. முதலில் முதியவரின் இசைவைப் பெறுங்கள். தொலைக்காட்சியையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மாணவர்கள் பொறுமையாகக் காத்திருக்கட்டும். பெரட்டு, லயம், கிராணி, கங்காணி என்று அவர் பேசும்போது ‘நல்ல தமிழில் சொல்லுங்கள்’ எனத் திருத்தாதீர்கள், அச்சொற்களும் ஆவணமே. பிறகு பேச்சைக் கேட்டு எழுதுவதும், மலாய் மொழியில் துணைவரி அமைப்பதும் மாணவர்களுக்குச் சிறந்த மொழிப்பயிற்சி. பெயர், ஊர், நாள் குறித்து இரண்டு படிகள் சேமித்து வையுங்கள்.

தேர்வுக்கு நேரம் போதவில்லை என்று முன்பு சொல்லி வந்தோம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தக் காரணமும் இப்போது இல்லை.

பெற்றோர்களே, உங்கள் வீட்டு முதியவரிடம் இந்த வாரமே பிள்ளையை அமர வையுங்கள். படம் விழாவுக்குப் போகாவிட்டாலும் குறையில்லை. அந்தக் குரல் வீட்டில் இருக்கும்.