நல்ல நரம்பு எது?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், வத்திராயிருப்பு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும் இரண்டு நாள் யோசித்தேன். நாட்டு முன்னேற்றத்தில் இளைஞர் பங்கு பற்றி எழுதலாமா, வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி எழுதலாமா என்று. அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதுவதற்கு இங்கே பலர் உண்டு. நான் சூடுபட்டுத் தெரிந்துகொண்டது ஒரே ஒரு விஷயம்தான். அது யுகுலேலிக்கு எந்த நரம்பு போடுவது என்பது. சிரிக்க வேண்டாம். முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

யுகுலேலி என்றால் கிட்டாரின் தம்பி மாதிரி ஒரு சின்னக் கருவி. நாலே நரம்பு. 1879-இல் போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய்க்குக் கப்பலேறிப் போன கூலிக்காரர்கள், தங்கள் ஊர்ச் சின்ன கிட்டாரையும் கையோடு கொண்டு போனார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இது. அந்த ஊர்ப் பாஷையில் யுகுலேலி என்றால் "தாவுகிற தெள்ளுப்பூச்சி" என்று அர்த்தம் சொல்கிறார்கள். கூலி வேலைக்குப் போனவர்கள் கொண்டு போன கருவி என்று படித்ததும் எனக்கு அதன் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. என் அப்பா வயல் கூலி. அம்மா ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்.

முதலாமாண்டு முடிந்த லீவில் தேங்காய் லோடு ஏற்றும் வேலைக்குப் போய், அந்தக் காசில் ஒரு யுகுலேலி வாங்கினேன். "படிக்கிற புள்ளைக்கு இது எதுக்கு?" என்று அப்பா கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. மொட்டை மாடியில் உட்கார்ந்து யூடியூப்பைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். போன வருஷம் கல்லூரி விழாவில் வாசிக்கப் பெயரும் கொடுத்தேன்.

விழாவுக்கு முதல் நாள் ராத்திரி, "புது நரம்பு போட்டால் சத்தம் பளிச்சென்று இருக்கும்" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு நாலு நரம்பையும் மாற்றினேன். நைலான் நரம்பு. மறுநாள் மேடையில் பல்லவி நன்றாகத்தான் போனது. முதல் சரணத்திலேயே சுருதி இறங்க ஆரம்பித்தது. இரண்டாவது சரணத்தில் என் யுகுலேலி ஒரு ஊரிலும் பாடிய நண்பன் வேறு ஊரிலும் இருந்தோம். பின் வரிசையில் விசில். பாதியில் இறங்கி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் யுகுலேலியைப் பரண் மேல் தூக்கிப் போட்டேன். நமக்கும் நம்ம குடும்பத்துக்கும் இதெல்லாம் ஒத்துவராது என்று முடிவும் கட்டிவிட்டேன்.

நண்பர்களே, அந்த முடிவு தப்பு என்று எனக்குச் சொன்னது வேறு யாருமில்லை. முதலாமாண்டு இயற்பியல் லேபில் நாமெல்லாம் செய்த சோனாமீட்டர்தான்!

ஞாபகம் இருக்கிறதா? பெட்டி மேல் ஒரு கம்பி, இரண்டு கத்திமுனை, தொங்கவிட எடை, கம்பி மேல் வைக்க 'வி' வடிவக் காகிதத் துண்டு. காகிதம் துள்ளி விழுந்ததும் ரெக்கார்டில் ரீடிங் எழுதிவிட்டு கேன்டீனுக்கு ஓடினோம். ஆனால் அந்தப் பரிசோதனைக்குள்ளேதான் எல்லாம் இருக்கிறது. நரம்பின் சுருதியைத் தீர்மானிப்பது மூன்று விஷயம்: நீளம், இழுவிசை, ஒரு மீட்டர் நரம்பின் எடை. நீளம் குறைந்தால் சுருதி ஏறும். இழுவிசை கூடினால் ஏறும். நரம்பு கனத்தால் இறங்கும். புது நைலானை இழுத்துக் கட்டினால் அது சில நாட்களுக்கு நீண்டுகொண்டே இருக்கும். இழுவிசை குறையும், சுருதி இறங்கும். மேடையில் எனக்கு நடந்தது அதுதான். குற்றம் என் விரலிலும் இல்லை, என் குடும்பத்திலும் இல்லை. நாலைந்து நாள் முன்னாடியே மாற்றி, தினமும் சுருதி சேர்த்து வைத்திருக்க வேண்டிய நரம்பை முதல் நாள் ராத்திரி மாற்றினேன். அவ்வளவுதான்.

இனி நரம்பு வகைகளுக்கு வருகிறேன். கடைக்குப் போனால் நைலான், ஃப்ளோரோகார்பன், கம்பி சுற்றிய நரம்பு என்று மூன்று விதம் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஆட்டுக்குடலில் செய்த நரம்புதான். இரண்டாம் உலகப் போரில் குடல் நரம்பெல்லாம் ஆஸ்பத்திரியில் காயம் தைக்கப் போய்விட, வாத்தியக்காரர்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. 1935-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த நைலான், 1940-களில் கிட்டாருக்கு வந்தது. பிறகு யுகுலேலிக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

நைலான் மிருதுவான நாதம் தரும். விலையும் குறைவு. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் பிளவக்கல் அணைப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசும்போது காலையில் ஒரு சுருதி, சாயங்காலம் ஒரு சுருதி. ஃப்ளோரோகார்பன் ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சவே உறிஞ்சாது. முதலில் தூண்டில் நரம்பாகத்தான் பெயர் வாங்கியது. அதன் அடர்த்தி 1.78, நைலானுக்கு 1.14. கனமான பொருள் என்பதால், அதே சுருதிக்கும் அதே இழுவிசைக்கும் ஐந்தில் ஒரு பங்கு மெலிந்த நரம்பே போதும். நாதம் கொஞ்சம் கணீரென்று இருக்கும். விலை கூடுதல்.

கம்பி சுற்றிய நரம்பு எதற்கு? யுகுலேலியின் நாலாவது நரம்பை வழக்கமாக மேல் ஸ்தாயியில் கட்டுவார்கள். சிலர் அதையே ஒரு ஸ்தாயி கீழே இறக்கிக் கட்டுவார்கள். நீளமும் இழுவிசையும் மாறாமல் சுருதி பாதியாக வேண்டுமென்றால் நரம்பின் எடை நாலு மடங்காக வேண்டும். அவ்வளவு தடித்த நைலான் வளையாது, மொத்து மொத்தென்று கேட்கும். அதனால் மெல்லிய உள்நரம்பு மேல் உலோகக் கம்பியைச் சுற்றிக் கனம் ஏற்றுகிறார்கள். கீழ் ஸ்தாயி வேண்டாதவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை.

ஸ்டீல் கம்பி பற்றியும் சொல்லியாக வேண்டும். "சத்தம் கூடும்" என்று ஒரு நண்பன் தன் யுகுலேலிக்குக் கிட்டார் கம்பி போட்டான். மூன்றாம் வாரம் நரம்பைத் தாங்கும் குதிரை பெயர்ந்து கையோடு வந்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 34.5 செ.மீ. நீளம், 440 அதிர்வெண், 0.61 மி.மீ. நைலான் என்றால் இழுவிசை சுமார் 3 கிலோ. நாலும் சேர்ந்து 12 கிலோ. அந்த மெல்லிய பலகை அதற்குத்தான் செய்தது. அதே சுருதிக்கு 0.30 மி.மீ. ஸ்டீல் கம்பி ஒன்று மட்டுமே 5 கிலோவுக்கு மேல் இழுக்கும். நைலான் அளவு தடிமனில் ஸ்டீல் போட்டால் 20 கிலோவைத் தாண்டும். தஞ்சாவூர் வீணைக்கு எஃகுத் தந்தி பொருந்துகிறது என்றால், அது பலா மரத்தில் குடைந்த கனமான உடம்பு. அதன் பலம் வேறு, இதன் பலம் வேறு.

அதற்காக, வந்தது வந்தபடியே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) என்ன செய்தார்? மாண்டலினுக்கு ஜோடி ஜோடியாக நாலு ஜோடித் தந்தி. நம் கமகத்துக்கு அது சரிப்படாது என்று மின்சார மாண்டலினில் ஒற்றை ஒற்றையாக ஐந்து தந்தி வைத்து வாசித்தார். காரணம் தெரிந்து மாற்றினார், நிலைத்தது. காரணம் தெரியாமல் மாற்றினோம், குதிரை பெயர்ந்தது.

இப்போது என் அம்மா கதைக்கு வருகிறேன்.

கார்த்திகையில் ஒரு நாள் யுகுலேலியைப் பரணிலிருந்து இறக்கிச் சுருதி சேர்த்தபோது முதல் நரம்பு அறுந்தது. அப்பா கண்மாயில் கெளுத்திக்குத் தூண்டில் போட வைத்திருந்த தங்கூஸ் நரம்பு கண்ணில் பட்டது. அட்டையில் 0.60 என்று போட்டிருந்தது. என் கணக்கில் தேவைப்பட்டது 0.61. ஒரு முழத்துக்கு மேல் வெட்டிக் கட்டினேன். சத்தம் வந்தது. ஆனால் நடு மெட்டில் அழுத்தினால் சரியாக ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டியது, கொஞ்சம் விலகிக் கேட்டது. சூத்திரம் சரி, கணக்கு சரி, கேட்பது மட்டும் சரியில்லை. ஷிப்டு முடிந்து அம்மா மில் வண்டியிலிருந்து இறங்கி வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னய்யா, என்ன செய்யுது அது?"

"நரம்பு சரியில்லம்மா. ஏன்னு தெரியல."

அம்மா நரம்பை அவிழ்க்கச் சொல்லி வாங்கி, கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பாதியில் நிறுத்தினார்.

"இந்த எடத்துல தடிப்பு இருக்குய்யா. இங்கன தொட்டுப் பாரு. நூலு இப்பிடி வந்தா மில்லுல கழிச்சுப் போட்டுருவோம்."

தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சுருளிலிருந்து வேறு துண்டை அம்மாவே உருவி, நகத்தில் ஓட்டிப் பார்த்து, "இது சரியா இருக்கு, இதக் கட்டு" என்று கொடுத்தார். கட்டினேன். நடு மெட்டு சுத்தமாகப் பேசியது. சூத்திரத்தில் 'ஒரு மீட்டர் எடை' என்று எழுதும்போது நரம்பு முழுக்க ஒரே தடிமன் என்று நாம் நம்பிக்கொள்கிறோம். அந்த நம்பிக்கை சரிதானா என்று விரலால் பார்க்கத் தெரிந்தவர் என் அம்மா.

பிறகு நூலகத்தில் யாழ் பற்றித் தேடிப் படித்தேன். யாழ் நரம்புக்கு ஆகாத குற்றங்கள் என்று நம் பழைய நூல்களும் உரைகளும் நான்கைச் சொல்கின்றன: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு போட்டிக்கு வந்த சீவகன், கையில் யாழைக் கொடுத்ததும் வாசித்துவிடவில்லை. முதலில் மரத்திலும் நரம்பிலும் குற்றம் பார்க்கிறான். பார்த்துத் தள்ளிய பிறகுதான் வாசிப்பு. இந்த நான்கையும் அம்மாவிடம் சொன்னேன்.

"அட, இது எங்க மில்லு சமாச்சாரம்ல! முறுக்கு கூடுனா சுருட்டிக்கிரும். புரி கோணலா விழுந்தா மேடு பள்ளமாயிரும். மயிருன்னா பிசிறு. தும்புன்னா பஞ்சு சரியா சுத்தமாகாம நாரு நிக்கிறது. இதத்தான இத்தன வருசமாப் பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. படிக்க வந்த முதல் ஆள் நான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். அது உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் விஷயம் தெரிந்த முதல் ஆள் நான் இல்லை. நம்மில் எத்தனை பேர் வீட்டில் மில் வேலை, பேண்டேஜ் தறி, கிணற்று மோட்டார், கொத்து வேலை! அவர்களிடம் ஒரு கேள்வி கேட்காமலேயே மூன்று வருஷம் படித்து முடித்துவிடுகிறோம்.

ஆகவே என் கருத்து இதுதான். விலை அதிகம் என்பதற்காகவோ, வெளிநாட்டுப் பெயர் என்பதற்காகவோ நரம்பு வாங்காதீர்கள். கருவியின் நீளம் என்ன, எந்த ஸ்தாயி வேண்டும், உங்கள் விரலுக்கு எது இதம், ஊர்க்காற்று எப்படி என்று நாலு கேள்வி கேளுங்கள். பழகுகிறவர்களுக்கும் வீட்டுக்குள் வாசிக்கிறவர்களுக்கும் நைலான் தாராளமாகப் போதும். மழைக்காலத்தில் மேடை ஏறுகிறவர்களுக்கு ஃப்ளோரோகார்பன் கொடுக்கிற காசுக்குத் தகும். ஸ்டீல் வேண்டவே வேண்டாம். எதை வாங்கினாலும் விரலில் ஓட்டிப் பாருங்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே கட்டிவிடுங்கள்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். விழா மேடைக்கும் சீரியல் லைட்டுக்கும் ஒதுக்குகிற நிதியில், கலை மன்றத்துக்கு வருஷத்துக்கு இரண்டு செட் நரம்பு வாங்கி வையுங்கள். நரம்பு அறுந்தால் மாற்றக் காசில்லாமல், "எனக்கு வராது" என்று கருவியைப் பரண் மேல் போட்டுவிட்டுப் போகிற மாணவன் நம் கல்லூரியில் நான் ஒருவனாக மட்டும் இருக்க மாட்டேன்.

இந்த வருஷ விழாவுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். நரம்பு இப்போதே கட்டியாகிவிட்டது. அம்மா நகத்தில் ஓட்டிப் பார்த்துத் தேர்ந்து கொடுத்த நரம்பு. அன்றைக்கு மில்லில் லீவு கேட்டிருக்கிறார். கிடைத்தால் முன் வரிசையில் இருப்பார். விசில் அடிக்கிறவர்கள் தயவுசெய்து பாட்டு முடிந்த பிறகு அடியுங்கள்!